திருடன் எங்கிருந்து வருகிறான்?

2016 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய ரயிலில் 342 கோடி ரூபாய் இருந்தது. எல்லாம் வங்கிகளில் சேர்ந்த பழைய, கிழிந்த நோட்டுகள். மரப்பெட்டிகளில் அடுக்கி, தனி வேகன்களில் ஏற்றி, ரிசர்வ் வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய போலீசார் பக்கத்துப் பெட்டியில் காவலுக்கு வந்தார்கள். மறுநாள் சென்னையில் வேகனைத் திறந்தபோது கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை தெரிந்தது. எண்ணிப் பார்த்ததில் சுமார் ஐந்தே முக்கால் கோடி குறைந்தது.

யார் எடுத்தது என்பது தெரிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட பாதை அப்போது மின்மயமாகவில்லை. டீசல் இன்ஜின்தான் ஓடியது. தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத அந்த இருட்டில்தான் கூரையில் ஏறிப் படுத்து, தகட்டை வெட்ட முடியும். இது தெரிந்தவர்கள்தான் வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான செல்போன் அழைப்புகளைச் சலித்த சி.பி.சி.ஐ.டி. போலீசார், 2018-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கும்பலைக் கைது செய்தார்கள். கொள்ளை நடந்து சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8-ஆம் தேதி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. செலவழித்தது போக மிஞ்சியதைத் தீயிட்டு எரித்துவிட்டார்கள் என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள்.

இப்படியொரு வழக்கு வந்தால் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் வாரக்கணக்கில் பேசும். மக்கள் மனதில் பதியும் திருடனும் இவன்தான்: வெளியூர்க்காரன், பாஷை தெரியாதவன், இரவில் வந்து இரவிலேயே போகிறவன். இப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் கடந்த சில ஆண்டுகளின் வழக்குகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், திருடனின் முகம் ஒன்றாக இல்லை. திருடப்படும் பொருளைப் பொறுத்து ஆளும் மாறுகிறான். பொருளின் மதிப்பு கூடக்கூட, அவன் தூரத்து ஆளாக இல்லாமல் பக்கத்து ஆளாக, சட்டையில் கறை இல்லாதவனாக மாறிக்கொண்டே வருகிறான். இந்த உண்மையைப் பார்க்க மறுத்ததற்கு நம் சமூகம் கொடுத்திருக்கும் விலை, காணாமல் போன நகைகளின் விலையைவிட மிகப் பெரியது.

சட்டம் பிரிக்கும் விதம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, சொத்துக் குற்றங்களைப் படிப்படியாக அடுக்குகிறது. உரியவரின் சம்மதமின்றி எடுத்தால் திருட்டு, 303-ஆவது பிரிவு. கையிலோ கழுத்திலோ இருப்பதைத் திடீரென்று பிடுங்கினால் பறிப்பு. பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு கிடையாது; செயின் பறிப்பைத் திருட்டிலா, வழிப்பறியிலா எதில் சேர்ப்பது என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தது. இப்போது 304-ஆவது பிரிவு அதற்கென்றே வந்துவிட்டது. திருடும்போது அடித்தாலோ, அடிப்பேன் என்று மிரட்டினாலோ அது கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகும். நம்பிக் கொடுத்ததைச் சுருட்டினால் நம்பிக்கை மோசடி. பொய் சொல்லி வாங்கினால் ஏமாற்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தனிக்குற்றம்.

இந்தச் சட்டத்தில் இரண்டு மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை. வயிற்றுக்காகவோ சபலத்தாலோ ஒரு முறை கைநீட்டியவனைச் சிறைக்குள் தள்ளி, அங்கே தொழில் தெரிந்தவனிடம் ஒப்படைப்பதில் பயனில்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, வழிபாட்டுத் தலத்திலிருந்து சிலையைத் திருடுவதை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஏழாண்டு வரை தண்டனை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தின் அடுக்கு, செயலைத்தான் பிரிக்கிறது, செய்பவரை அல்ல. அவரைத் தெரிந்துகொள்ளக் குற்றப்பிரிவுக் காவலர்களின் பேச்சுக்குத்தான் வர வேண்டும். அவர்கள் முதலில் பார்ப்பது எம்.ஓ. என்று அவர்கள் சொல்லும் தொழில்முறையை. பூட்டை உடைத்த விதம், உள்ளே நுழைந்த வழி, எதை எடுத்தான், எதைத் தொடாமல் விட்டான் என்பதெல்லாம் அவனுடைய கையெழுத்து மாதிரி. பெரும்பாலான திருடர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்வதில்லை. கற்ற வித்தை ஒன்றுதான், மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

சுவரைத் துளைத்தவர்கள்

2019 அக்டோபர் 2 அதிகாலை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய லலிதா ஜுவல்லரியின் பின்சுவரில் துளை போட்டு இரண்டு பேர் உள்ளே போனார்கள். பொம்மை முகமூடி போட்டிருந்தார்கள். மோப்ப நாய்க்காக மிளகாய்ப் பொடி தூவினார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகை போனது. அன்று காலை கேமரா காட்சிகளைப் பார்த்தவர்கள் வடமாநிலக் கும்பல் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சந்தேகத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைப் பிடித்து விசாரணையும் நடந்தது.

மறுநாள் இரவே கதை மாறியது. திருவாரூரில் சாதாரண வாகனச் சோதனையில் நின்ற ஒரு பைக்கிலிருந்து ஒருவன் தப்பி ஓடினான். பிடிபட்டவனிடம் இருந்த பையில் அந்தக் கடையின் நகைகள். கும்பலின் தலைவன் திருவாரூர்க்காரர். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஏற்கெனவே வழக்குகள் உள்ளவர். திருடிய பணத்தில் தெலுங்குப் படம் தயாரித்தவர் என்று போலீசார் சொன்னார்கள். அதே ஆண்டு ஜனவரியில் சமயபுரம் அருகே ஒரு வங்கியின் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்ததும் இதே கைதான். அவர் பெங்களூரு நீதிமன்றத்தில் சரணடைந்தார். நோயுற்றிருந்த அவர் மறு ஆண்டே சிறைவாசத்தில் இறந்துபோனார்.

சுவரைத் துளைப்பது புதிய கலை அல்ல. கன்னக்கோலால் மண்சுவரைக் குடைந்து உள்ளே போவதற்குக் கன்னமிடுதல் என்று பெயரே இருக்கிறது. கான்கிரீட் வந்த பிறகு கோல் போய் டிரில்லிங் மெஷின் வந்தது. 2017 நவம்பரில் சென்னை கொளத்தூரில், நகைக்கடைக்கு மேலே இருந்த கடையை வாடகைக்கு எடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, தரையைக் குடைந்து கீழே இறங்கினார்கள். மூன்றரை கிலோ தங்கம் போனது. அந்தக் கும்பலைத் தேடி ராஜஸ்தான் போன தனிப்படையில் இருந்த மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், டிசம்பர் 13-ஆம் தேதி பாலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குண்டு பாய்ந்து இறந்தார். இருட்டில் நடந்த கைகலப்பில், உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீசார் பின்னர் சொன்னார்கள். மொழி தெரியாத ஊரில், ஊரே திரண்டு எதிர்க்கும்போது, நாலைந்து பேராகப் போய் ஆளைத் தூக்கி வருவது எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

கொளத்தூரில் செய்ததை ஒரு கும்பல் திட்டம் போட்டுச் செய்தது. 2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ் கடையில் ஒரே ஓர் இளைஞர் செய்தார். சிங்க முகமூடி, கேமராக்களின் மீது ஸ்பிரே, பின்சுவரில் துளை. சுமார் 16 கிலோ தங்கத்தை எடுத்துப்போய் ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்தார். யூடியூப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். ஐந்தாறு நாளில் பிடிபட்டார். எடுக்கத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியவில்லை. தொழில்முறைத் திருடனுக்கும் தனியாளுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முன்னவனுக்குப் பொருளை வாங்க ஒருவன் முதலிலேயே தயாராக இருப்பான்.

விமானத்தில் வந்து போகிறவர்கள்

2025 மார்ச் 25 காலை, தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பெண்களிடம் செயின் பறிக்கப்பட்டது. நடைப்பயிற்சிக்கும் கோயிலுக்கும் போன பெண்கள், பலர் வயதானவர்கள். பறித்த இருவரும் நேராக விமான நிலையம் போனார்கள். விமானம் புறப்படும் முன் போலீசார் அவர்களைப் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் ஓங்கோலில் ரயிலில் சிக்கினார். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த இரானி கும்பல் என்றது போலீஸ். மறுநாள் அதிகாலை, நகையை எடுக்கத் தரமணிக்கு அழைத்துப் போன இடத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றார்கள் போலீசார்.

ஏ.டி.எம். கொள்ளையில் ஹரியானாவின் மேவாத் பகுதிப் பெயர் மீண்டும் மீண்டும் அடிபடுகிறது. 2021-இல் சென்னையில் நடந்தது வன்முறையே இல்லாத வேலை. பணம் போடவும் எடுக்கவும் உதவும் இயந்திரத்தில் கார்டைச் செருகி, நோட்டு வெளியே வரும் வாயைச் சில விநாடி பிடித்துக்கொண்டால், பணத்தை யாரும் எடுக்கவில்லை, உள்ளே போய்விட்டது என்று இயந்திரம் நம்பிவிடும். கணக்கில் கழியாது, கையில் பணம் வந்துவிடும். 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை வட்டாரத்தில் ஒரே இரவில் நான்கு ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சத்துக்கு மேல் எடுத்தார்கள். 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்தவர்கள், தப்ப வந்த காரையே கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றி மூடிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார்கள். குமாரபாளையம் அருகே லாரியை மடக்கியபோது நடந்த மோதலில் ஒருவர் இறந்தார், ஒருவர் காலில் குண்டு பட்டது.

இவர்கள் வறுமையால் திருடுகிறார்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது. லாரிக்கும் லாட்ஜுக்கும் விமானத்துக்கும் முதல் போட ஒருவர் வேண்டும். ஊரை நோட்டம் பார்க்க ஒருவர், கட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர், பிடிபட்டால் வக்கீல் வைக்க ஒருவர். பங்கு பிரிப்பதும் வேலைக்கு ஏற்பத்தான். அதே சமயம் கையில் கட்டர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வேலையில்லாத இருபது வயதுப் பையன்கள் என்பதும் உண்மை. முதல் போட்டவர் பெயர் குற்றப்பத்திரிகையில் வருவது அபூர்வம்.

இத்தனை பரபரப்புக்கும் நடுவே, ஸ்டேஷன்களில் தினம் பதிவாகும் திருட்டுகள் வேறு. வாசலில் கோலம் இல்லை, இரண்டு நாள் பேப்பர் கேட்டில் கிடக்கிறது என்பதை வைத்து வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கும் ஆள் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் நடமாடுகிறவன்தான். பைக் திருட்டும் அப்படித்தான். அந்த பைக்கே அடுத்த வாரம் செயின் பறிப்புக்கு வாகனமாகும். கிராமத்தில் இன்னொரு திருட்டு இருக்கிறது. வயல் மோட்டாருக்குப் போகும் செம்புக் கேபிளை இரவில் அறுத்து, மேலுறையை எரித்து, கம்பியை மட்டும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார்கள். திருடியவனுக்குக் கிடைப்பது குடிக்கக் காசு. விவசாயிக்குப் புதுக் கேபிள் வாங்கும் செலவோடு, தண்ணீர் பாயாமல் கருகும் பயிரும் நஷ்டம். செய்தித்தாளில் இது நாலு வரிகூட வருவதில்லை. தொலைந்த சொத்தின் ரூபாய் மதிப்பை வைத்துத் திருட்டை அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு அந்தக் கேபிளைவிட நல்ல சான்று இல்லை.

உள்ளே இருப்பவர்

2022 ஆகஸ்ட் 13, சென்னை அரும்பாக்கம். ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் பட்டப்பகலில் புகுந்து, காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம் கொடுத்து, ஊழியர்களைக் கட்டிப்போட்டு, 31.7 கிலோ தங்கத்தை எடுத்துப் போனார்கள். வந்தவர்களில் முக்கியமானவரை ஊழியர்களுக்கே தெரியும். அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் வேலை பார்த்தவர். ஜிம்மில் பழகிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். சில நாட்களில் எல்லாரும் பிடிபட்டார்கள். தங்கத்தில் 3.7 கிலோ, அச்சிறுபாக்கம் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் வீட்டில் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு அவர் உறவினர்.

சாவி எங்கே இருக்கிறது, அலாரம் எப்போது ஓயும், எந்த நாளில் ஆள் குறைவு என்பதெல்லாம் அடிபட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உள்ளே இருப்பவருக்கு அது அன்றாட வேலை. இது இன்று நேற்று வந்ததல்ல. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது; உலகிலேயே முதலில் தொடங்கியவற்றில் ஒன்று. மறு ஆண்டு ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பெட்டியில் இருந்த பணம் போயிருந்தது. அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ரத்தம் தோய்ந்த கட்டைவிரல் ரேகை. அது அவரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காகச் சிறை சென்றவருடைய ரேகை என்று பதிவேடு காட்டியது. கைரேகை புதிய சாட்சியம் என்பதால் கொலைக்குத் தண்டிக்க நீதிமன்றம் தயங்கியது. திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. கைரேகையை வைத்து இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்றே வீட்டுக்குள் பழகியவருக்குத்தான்.

தமிழருக்கு இது இன்னும் பழைய செய்தி. சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்குள் தடையின்றி நடமாடிய பொற்கொல்லன். பிடிபட்டவனோ புகாரிலிருந்து அப்போதுதான் வந்த வெளியூர்க்காரன். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கே, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்ற சந்தேகம் வருகிறது. அப்போது பொற்கொல்லன் மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வர்களின் திறமைகளை எட்டு வகையாக அடுக்கி, அவர்கள் வாயை அடைக்கிறான். உண்மையான திருடனே திருட்டைப் பற்றி நிபுணனாகப் பேசுகிறான். அரசன் விசாரிக்கவில்லை. அதன் பிறகு நடந்தது மதுரைக்குத் தெரியும்.

சிலைத் திருட்டில் இந்த உள்ளாள், வெளியாள் பாதை கடல் கடந்து நீள்கிறது. 1976-இல் அன்றைய தஞ்சை மாவட்டம் பத்தூரில் மண் வெட்டிய ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் நடராசர் தட்டுப்பட்டார். தொழிலாளிக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். கை மாறி மாறி 1982-இல் லண்டனில் ஒரு கனடா நிறுவனம் அதை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் கோயிலின் சிவன் தன் சிலைக்கு உரிமை கோர முடியும் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்று, 1991-இல் நடராசர் நாடு திரும்பினார்.

அதன் பிறகு தொழில் இன்னும் சீராகிவிட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் வழிபாடு குறைந்த சோழர் காலக் கோயிலுக்குள் பூட்டை உடைத்துப் போனவர்கள் உள்ளூர் கைகள். அவர்களை அமர்த்தியவர் தமிழ்நாட்டுத் தரகர். புதிய கைவினைப் பொருள் என்று எழுதிச் சுங்கத்தைத் தாண்டியது சரக்கு. நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் கேலரியில் அதற்கு, பல பத்தாண்டுகளாக வெளிநாட்டில் இருந்ததாக ஒரு போலி வரலாறு எழுதப்பட்டது. 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஸ்ரீபுரந்தான் நடராசரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு கோயிலுக்குக் கம்பிக்கதவு போடப் போனபோதுதான் உள்ளே சிலைகள் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்போதோ எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் இல்லாவிட்டால், அது இந்தக் கோயிலின் நடராசர் என்று நிறுவியிருக்க முடியாது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லியில் சிலையை ஒப்படைத்தார். 2011-இல் பிராங்பேர்ட்டில் கைதான கபூர் மறு ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது.

கேள்வி கேட்காமல் வாங்கிய அருங்காட்சியகங்களை எந்த வகையில் சேர்ப்பது? திருட்டுப் பொருளை வாங்குபவர் இல்லாவிட்டால் திருட்டே இல்லை. இது பழைய இரும்புக் கடைக்கும் பொருந்தும், கலைக்கூடத்துக்கும் பொருந்தும்.

பிறப்பால் குற்றவாளி

திருடன் யார் என்பதற்கு ஆங்கில அரசு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிவைத்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதில் சேர்க்கப்பட்டன. வளர்ந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணான மாயக்காள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை. ஊரில் நகை காணோம் என்றால் குறவர் குடியிருப்புக்கு வேன் போகும். 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் நகைத் திருட்டு சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட ராஜாகண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். ஜெய்பீம் படம் அந்த வழக்கிலிருந்து வந்தது. சிறைக் கையேடுகளில், சீர்மரபினர் என்று இப்போது அழைக்கப்படும் இச்சமூகங்களைக் குற்றப் பழக்கம் உள்ளவர்களாகக் காட்டிய விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபரில்தான்.

சாதி மாறினாலும் முறை மாறுவதில்லை. 2025 ஜூன் 27-ஆம் தேதி சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயிலுக்கு வந்த ஒருவர், காரில் வைத்திருந்த பத்துப் பவுன் நகையைக் காணோம் என்று புகார் சொன்னார். காரை நிறுத்தச் சொல்லிச் சாவி கொடுக்கப்பட்டிருந்த கோயில் காவலாளி இளைஞரைத் தனிப்படைக் காவலர்கள் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நகையை எடுத்தது அவர்தான் என்பதற்கு அடித்துக் கேட்டதைத் தவிர எந்த விசாரணையும் நடக்கவில்லை. ஒரு திருட்டு வழக்கில் ‘ரெக்கவரி’ காட்ட வேண்டும் என்ற அவசரம் காவல் நிலையங்களில் எப்படி ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகிறது என்பதைப் பற்றி, ஏ.டி.எம். கொள்ளைக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது ஊடகங்கள் காட்ட வேண்டும்.

பூட்டை உடைக்காதவர்கள்

திருச்சி நகைக்கடையில் போனது 13 கோடி. ஆருத்ரா கோல்டு நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று போலீசார் சொல்லும் தொகை 2,438 கோடி. மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்ற ஆசையில், ஆட்டோ ஓட்டுபவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும் தாங்களே வரிசையில் நின்று கொடுத்த பணம். முகமூடி இல்லை, துளை இல்லை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. அறை, ரசீது. திருப்பூரில் பாசி நிறுவனம் இதேபோல் 900 கோடிக்கு மேல் வாங்கியது 2008, 2009-இல். தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில்: இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். தண்டனை பெரியதுதான். ஆனால் பணம் போட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லியே கழித்தார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939-இல் ஓர் உரையில், ஏழைகளின் திருட்டை மட்டும் ஆராய்ந்துவிட்டுக் குற்றத்துக்குக் காரணம் வறுமை என்று முடிவு கட்டுவது தவறு என்று வாதிட்டார். மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொழில் வழியாகவே செய்யும் குற்றங்களைக் கணக்கில் எடுத்தால் அந்த முடிவு நிற்காது என்பது அவர் கருத்து. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் ஊரில் ஒரு பகுதியில் குற்றம் கூடியதா குறைந்ததா என்று பேசும்போது பூட்டு உடைப்பையும் செயின் பறிப்பையும்தான் எண்ணுகிறோம்.

இப்போது திருடன் ஊருக்குள் வரவே தேவையில்லை. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023-இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-இல் 22,845 கோடி. இது மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. சி.பி.ஐ. அதிகாரி, மும்பை போலீஸ், சுங்கத்துறை என்று வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே போகாதீர்கள் என்பார்கள். அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது. ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் டாக்டர்களும் நாள்கணக்கில் கேமரா முன் உட்கார்ந்து, வாழ்நாள் சேமிப்பை அனுப்பியிருக்கிறார்கள். அரசுக் குரலுக்குக் கீழ்ப்படியப் பழகியவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

அந்த அழைப்பின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதுதான் இன்றைய திருட்டின் மிகக் கொடிய பகுதி. கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் சுவர் எழுப்பிய வளாகங்களில், கடவுச்சீட்டைப் பறிகொடுத்த இளைஞர்கள் அடி வாங்கிக்கொண்டு மோசடி செய்கிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். அனுப்பிவைத்த உள்ளூர் ஏஜென்டுகள் சிலர் கைதாகியிருக்கிறார்கள்.

ஏமாந்தவரின் பணம் நேராக வெளிநாடு போவதில்லை. முதலில் இங்கேயே யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில் விழும். நிமிடங்களில் பத்து, இருபது கணக்குகளாகப் பிரியும். பிறகு கிரிப்டோவாக மாறும். அந்த முதல் கணக்கு பெரும்பாலும், சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் தெரிந்தவரிடம் கொடுத்த கல்லூரி மாணவருடையதாகவோ கூலித் தொழிலாளியுடையதாகவோ இருக்கிறது. போலீசார் முதலில் வந்து தட்டுவது அவர் வீட்டுக் கதவை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், இந்தக் கணக்குகளில் பணம் நிற்கும்போதே முடக்க முடிகிறது. சில மணி நேரம் தாமதித்தாலும் வெறும் கணக்குதான் மிஞ்சுகிறது. சைபர் குற்றப்பிரிவு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த முதல் ஒரு மணி நேரத்தை. வெட்கத்தால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் மறைத்துவைத்துவிட்டு, மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள்தான் இன்னும் அதிகம்.